சேது வழியின் விருந்தினர்



விடுமுறை வந்தால் எங்கே போவது, எப்படிப் போவது என்ற கேள்வி ஆண்டுதோறும் எழுகின்றது. பெரிய நகரங்களையும் மலைவாசத் தலங்களையும் நாடிச் செல்வோர் பலர். இன்னொரு வழியும் உண்டு. நான்கைந்து நண்பர்கள் ஒன்றுகூடி, அரிசியும் பருப்பும் புளியும் மிளகாயும் மூட்டை கட்டிக்கொண்டு, சமைக்க ஒரு பானையும் எடுத்துக்கொண்டு, கடலோரத்துச் சிற்றூர் ஒன்றில் மூன்று நாள் தங்குவது. தமக்கு வேண்டியதைத் தாமே சமைத்து உண்பது. விடியலிலும் மாலையிலும் கரையில் அமர்ந்து, அங்கு வந்திருக்கும் பறவைகளைப் பார்ப்பது. செலவு குறைவு, பயனோ மிகுதி.

'இது மேல்நாட்டார் வழக்கம், நமக்கு எதற்கு?' என்று சிலர் கேட்கக்கூடும். அவ்வாறு கேட்போர் நம் கடற்கரையின் வரலாற்றை அறியாதவர் என்றே சொல்ல வேண்டும். வழியில் தங்கித் தானே சமைத்து உண்ணும் முறை புதுக்கோட்டை மாவட்டத்தின் கடற்கரையில் பல தலைமுறைகளாக நடந்துவந்த ஒன்று. பறவைகளைக் கூர்ந்து நோக்கும் பழக்கமோ அதனினும் பழையது. இவ்விரண்டும் ஒரே கரையில் சந்தித்த கதையையும், அவற்றுள் ஒன்று அழிந்து மற்றொன்று பிழைத்த காரணத்தையும் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

முதலில் இடத்தைத் தெரிந்துகொள்வோம். தொண்டைமான்கள் ஆண்ட பழைய புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக்குக் கடற்கரையே கிடையாது. அச்சமஸ்தானம் 1948-ஆம் ஆண்டு மார்ச்சு 3-ஆம் நாள் இந்திய யூனியனில் சென்னை மாகாணத்தோடு இணைந்து, திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் ஒரு பகுதியாயிற்று. பின்னர் 1974-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் நாள் புதுக்கோட்டை தனி மாவட்டமானபோது, தஞ்சை மாவட்டத்திலிருந்த அறந்தாங்கிப் பகுதி அதனோடு சேர்க்கப்பட்டது. அப்பகுதியோடு கடலும் வந்து சேர்ந்தது. ஆகவே, கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் ஆகிய கரையூர்களின் பழங்கதையைத் தேடுவோர் புதுக்கோட்டை அரண்மனை ஏடுகளைப் புரட்டுவதோடு நின்றுவிடலாகாது. தஞ்சை அரசின் ஏடுகளையும் பார்க்க வேண்டும்.

இந்தக் கடல் சென்னையிலோ புதுச்சேரியிலோ நாம் காணும் கடலன்று. பாக் நீரிணையைச் சார்ந்த இதனை, அதன் அமைதி கருதிப் 'பெண் கடல்' என்று கடலோர மக்கள் அழைப்பர்; தெற்கே மன்னார் வளைகுடாவின் கொந்தளிக்கும் கடல் 'ஆண் கடல்' எனப்படும். இங்கே ஆழம் குறைவு, அலையும் குறைவு. கரை பெரும்பாலும் மணற்பரப்பாக இல்லாமல் சேற்றுப் பரப்பாக இருக்கின்றது. புதுக்கோட்டை நிலத்தின் ஊடே ஓடிவரும் தெற்கு வெள்ளாறு மணமேல்குடிப் பக்கத்தில் இக்கடலை அடைகின்றது. சோழநாட்டுக்கும் பாண்டிநாட்டுக்கும் எல்லை என்று முன்னோர் கொண்டது இந்த ஆற்றைத்தான். ஓதம் வற்றும் நேரத்தில் நீர் பின்வாங்க, ஈரச்சேறு வெளியே தெரிகின்றது. உல்லாசப் பயணிக்கு இச்சேறு அழகற்றதாகத் தோன்றும். ஆனால் இதுவே நம் கதையின் உயிர்நிலை. அதனைப் பிறகு காண்போம்.

இக்கரையை ஒட்டிச் சென்றதுதான் சேது வழி. வடக்கே காசியிலிருந்தும் மராட்டிய நாட்டிலிருந்தும் ஆந்திர நாட்டிலிருந்தும் இராமேசுவரம் நோக்கி நடந்த யாத்திரிகர்கள் தஞ்சையைக் கடந்து, ஒரத்தநாட்டு வழியாகக் கரைக்கு வந்து, மணமேல்குடி, மீமிசல், தொண்டி என்று தெற்கே நடந்தனர். புகைவண்டி இல்லாத காலம், மாதக்கணக்கில் நடை. புறப்படும்போது கட்டிய கட்டுச்சோறு இரண்டொரு நாளில் தீர்ந்துபோகும். அதன்பின் வழியிலே அரிசி வாங்கி, மூன்று கல் கூட்டி அடுப்பு மூட்டி, தாமே பொங்கி உண்ண வேண்டியதுதான்.

இவ்வாறு தானே சமைத்து உண்டதற்கு இரண்டு காரணங்கள் இருந்தன. யாத்திரை நோன்பின் ஒழுங்கு ஒன்று. பிறர் கையால் சமைத்ததை உண்ணலாகாது என்ற சாதிக் கட்டுப்பாடு மற்றொன்று. இரண்டாவதை மறைத்துப் பேசுவது வரலாற்றுக்கு நேர்மையாகாது. ஒரே வழியில், ஒரே வெயிலில், ஒரே தெய்வத்தை நாடி நடந்தவர்கள் தனித்தனி அடுப்பு மூட்டினர் என்பது உண்மை. இன்று மாணவர்கள் ஒரே பானையைச் சுற்றி அமர்ந்து உண்ணும்போது, முன்னோர் செய்யாத ஒரு நற்செயலைச் செய்கின்றனர் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த வழிநடையாளருக்காக எழுந்தவையே சத்திரங்கள். தஞ்சையை 1676 முதல் 1855 வரை ஆண்ட மராட்டிய மன்னர்கள் சேது வழியெங்கும் சத்திரங்கள் அமைத்து, அவற்றுக்கு நிலங்களையும் ஊர்களையும் மானியமாக விட்டனர். ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோசி மன்னர் முத்தாம்பாள் என்னும் மங்கையின் நினைவாக எழுப்பிய சத்திரம் பலரும் அறிந்தது. புதுக்கோட்டை மாவட்டக் கரையில் மணமேல்குடியிலும் மீமிசலிலும் தஞ்சை மன்னர் குடும்பத்தின் சத்திரங்கள் இருந்தன. வழிப்போக்கர் அங்கே படுத்து உறங்கலாம்; குளிக்கக் குளமும் குடிக்கக் கிணறும் உண்டு.

அந்தச் சத்திரங்கள் எவ்வாறு நடைபெற்றன என்பதை அறிய ஒரு மடல் நமக்குத் துணைசெய்கின்றது. 1799-ஆம் ஆண்டு ஏற்பட்ட உடன்படிக்கையின்படி தஞ்சை நாட்டின் ஆட்சி ஆங்கிலக் கும்பினியின் கைக்குப் போய்விட்டது. தஞ்சைக் கோட்டையும் அதன் சுற்றுப்புறமும் மட்டுமே மன்னருக்கு எஞ்சின. சத்திரங்களுக்கு மானியமாக விடப்பட்ட ஊர்களோ கும்பினி ஆளும் நிலத்தில் கிடந்தன. அவற்றின் வருவாய் குறைந்தால் அடுப்பு அணையும் என்று சரபோசி மன்னர் அஞ்சினார். 1801-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், தஞ்சையிலிருந்த கும்பினி ரெசிடெண்டு பெஞ்சமின் டோரின் என்பவருக்கு அவர் நீண்ட மடல் ஒன்று எழுதினார். தம் அதிகாரம் போனதைப் பற்றிய புலம்பல் அன்று அது. சத்திரங்களில் நடக்கும் அறங்களை ஒவ்வொன்றாக எடுத்துரைத்து, அவை குறைவுபடாமல் நடக்க விட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளும் விண்ணப்பம்.

அம்மடலின் செய்திகளைச் சுருக்கிச் சொல்கிறேன். உயர்ந்தோர் முதல் அக்காலச் சமுதாயம் மிகத் தாழ்ந்தோர் என ஒதுக்கியவர் ஈறாக, வருகின்ற வழிப்போக்கர் அனைவருக்கும் சோறு உண்டு. சமைத்த சோற்றை ஏற்க விரும்பாதவர்க்கு அரிசியும் கறிச்சரக்குகளும் சமைக்காமலே கொடுக்கப்பட்டன. நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் உண்ணாதவர் எவரேனும் உளரோ என்று கேட்டு அழைத்து, அவர்க்கும் உணவளித்தனர். மழையால் வழி அடைபட்டோர் மழை விடும்வரை தங்கலாம். நோயுற்றோர்க்கு மருத்துவரும் மருந்தும் பத்திய உணவும் கிடைத்தன. கைக்குழந்தைக்குப் பாலும், கருவுற்ற பெண்டிர்க்குப் பேணுதலும் இருந்தன. பெற்றோரை இழந்த பிள்ளைகள் ஆசிரியரின் பொறுப்பில் வளர்ந்து கல்வி பெற்றனர். வழியிலே இறந்தோர்க்கு அவரவர் முறைப்படி ஈமக்கடன் செய்தனர்.

சமைக்காமல் கொடுத்த அந்த அரிசியையும் சரக்கையும் சற்று எண்ணிப் பாருங்கள். விருந்தினன் தன் விருப்பப்படி தானே பொங்கி உண்ணும் உரிமையை ஓர் அரசு முறையாக ஏற்று, அதற்கென நிலம் ஒதுக்கியிருக்கின்றது. 'தங்க இடம் தருகிறோம், சமையலை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்' என்று இன்று சில விடுதிகள் விளம்பரம் செய்கின்றன. மணமேல்குடிச் சாலையில் அது இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே அறமாக நடந்தது. இன்று அதற்கு வாடகை கேட்கிறார்கள் என்பதே வேறுபாடு.

இத்தகைய சத்திரங்கள் பின்னர் என்னவாயின? 1855-இல் தஞ்சை அரச மரபு வாரிசின்றி முடிவுற்றது. சத்திரங்களின் பொறுப்பு அரசாங்கத்துக்கும், பின்பு ஜில்லா போர்டுக்கும் சென்றது. ஆயினும் அவற்றை உண்மையில் வெறுமையாக்கியது இரும்புப் பாதைதான். தஞ்சை ஜில்லா போர்டே 1894-இல் மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டைவரை இரயில் பாதை அமைத்தது. பின்னர் அது அறந்தாங்கிவரை நீண்டது. மதுரையிலிருந்து மண்டபம் நோக்கிச் சென்ற வேறொரு பாதை, 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும் கடலையே கடந்தது. காசியில் ஏறியவன் இராமேசுவரத்தில் இறங்கலானான். கரையோரம் நடப்பாரில்லை. நடப்பாரில்லாத வழியில் நள்ளிரவு மணி யாருக்காக ஒலிக்கும்? விருந்தினர் வரத்து நின்றது. சத்திரங்கள் தம் வேலையை இழந்தன.

இனி மற்றொரு விண்ணப்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சரபோசி மன்னரின் மடலுக்குச் சில ஆண்டுகள் முன்னதாக, 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில், செங்கற்பட்டுச் சீமையின் வேடந்தாங்கலில் இது நிகழ்ந்தது. அவ்வூர் ஏரியின் மரங்களில் ஆண்டுதோறும் கொக்குகளும் நாரைகளும் நீர்க்காகங்களும் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும். கும்பினிச் சிப்பாய்கள் அவற்றைச் சுட்டு வேட்டையாடினர். ஊரார் கலெக்டர் லயனல் பிளேசு என்பவரிடம் முறையிட்டு, இந்தப் பறவைகளைச் சுடலாகாது என்ற உரிமைச் சீட்டைப் பெற்றனர். 1858-இல் அவர்கள் அந்த உரிமையைப் புதுப்பித்துக்கொண்டனர். நம் நாட்டில் ஓர் ஊரின் மக்களே முன்வந்து பறவைகளுக்குப் பெற்றுத்தந்த காப்புகளுள் இது மிகப் பழையவற்றுள் ஒன்று.

ஒரே காலம், ஒரே கும்பினி, இரண்டு விண்ணப்பங்கள். ஒன்று மன்னர் எழுதியது. சேது வழியின் மனித விருந்தினர்க்காக. மற்றொன்று உழவர் முறையிட்டது. ஏரி மரத்தின் பறவை விருந்தினர்க்காக. மன்னரின் அறம் மறைந்துவிட்டது. உழவரின் ஏரியில் இன்றும் நாரைகள் கூடு கட்டுகின்றன. இதன் காரணம் என்ன?

வேடந்தாங்கல் உழவர் இரக்கத்தால் மட்டும் பறவையைக் காத்தவர் அல்லர். பறவைகளின் எச்சம் ஏரி நீரில் கலந்து, அந்நீர் பாயும் வயலுக்கு நல்ல உரமாவதை அவர்கள் கண்டறிந்திருந்தனர். விருந்தினனால் தமக்கு என்ன நன்மை என்பதை விருந்தோம்புவோர் அறிந்திருந்தனர். அந்த அறிவு தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றது. சத்திரமோ மன்னரின் கொடையில் நின்றது. கொடையாளியும் வழியும் மாறியபோது அதனைத் தாங்க ஊரார்க்குச் சொந்தக் காரணம் ஏதும் இருக்கவில்லை. கொடையால் நிற்கும் அறத்தைவிட, ஊரார் தம் வாழ்வோடு பிணைத்துக்கொண்ட அறம் நீடித்து வாழும். இவ்வுண்மை இன்று புதுக்கோட்டைக் கரைக்கு மிகவும் தேவையானது. ஏனெனில், சேது வழியில் மனிதர் நடப்பது நின்ற பின்னும் அவ்வழியே இன்னும் வந்துபோகும் யாத்திரிகர் உண்டு. அவர்கள்தாம் பறவைகள்.

பறவைகள் பருவந்தோறும் இடம்பெயர்வதைத் தமிழர் பன்னெடுங்காலமாக அறிந்திருந்தனர். வறுமையால் வாடி மதுரைக்குச் சென்ற சத்திமுத்தப் புலவர், ஊரிலிருக்கும் தம் மனைவிக்கு ஒரு நாரையைத் தூது விட்டார் என்பது நீங்கள் பாடத்தில் படித்த செய்தி. தென்குமரியில் நீராடிய நாரை வடக்கு நோக்கித் திரும்பும் என்பது அப்புலவருக்குத் தெரிந்திருந்தது. புதுக்கோட்டையை அடுத்த சித்தன்னவாசல் குகைக்கோயிலின் மேல்விதானத்தில், 9-ஆம் நூற்றாண்டைச் சார்ந்த தாமரைக்குள ஓவியம் ஒன்று இருக்கின்றது. மீனும் யானையும் எருமையும் பூக்கொய்வோரும் நிறைந்த அக்குளத்தில் நீர்ப்பறவைகளும் உள்ளன. குளக்கரையில் பொறுமையாக அமர்ந்து பறவைகளின் கழுத்து வளைவையும் நிலையையும் கண்டவனே அவற்றைத் தீட்டியிருக்க முடியும். பெயர் தெரியாத அந்த ஓவியனைப் புதுக்கோட்டையின் முதற் பறவைநோக்கர் என்று சொன்னால் பிழையாகாது.

முன்னோர் உணர்ந்ததை அறிவியல் பின்னர் அளந்து காட்டியது. 1883-இல் தோன்றிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகமும், அதனோடு இணைந்து பணியாற்றிய சாலிம் அலி என்னும் பேரறிஞரும் இத்துறையில் செய்த தொண்டு பெரிது. 1941-இல் வெளிவந்த அவருடைய இந்தியப் பறவைகள் பற்றிய நூல், படித்தவர் பலரைப் பறவைநோக்கர் ஆக்கியது. 1959-இல் அக்கழகம் பறவைகளின் வலசையைப் பற்றிய பெரிய ஆராய்ச்சியைத் தொடங்கிற்று. பறவைகளை வலையிட்டுப் பிடித்து, எண் பொறித்த சிறு உலோக வளையத்தைக் காலில் இட்டு, மீண்டும் பறக்க விடுவது அதன் முறை. வளையமிட்ட பறவை வேறொரு நாட்டில் கிடைத்தால், அது கடந்த வழி தெரியவரும். நம் கரைக்கு வடகிழக்கே, வேதாரணியத்தை அடுத்த கோடிக்கரை இவ்வாராய்ச்சிக்குப் பெயர்பெற்ற இடமாயிற்று. கோடிக்கரை 1967-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2002-இல் உலகச் சிறப்புடைய ஈரநிலங்களைக் குறிக்கும் இராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. மணமேல்குடியின் கிழக்கிலும் கோடியக்கரை என்ற கடற்கரை ஒன்று உண்டு. பெயரொற்றுமையால் இரண்டையும் ஒன்றெனக் கருதிவிடக் கூடாது.

இப்போது அந்தச் சேற்றுக்குத் திரும்புவோம். பறவைகள் ஏன் இங்கு வருகின்றன? ஆசியாவின் வடகோடியில், மரமே வளராத துந்திரப் பனிவெளியில், கோடைக்காலத்தில் குஞ்சு பொரிக்கும் கொசு உள்ளான் என்றொரு சிறு பறவை இருக்கின்றது. அதன் எடை ஏறக்குறைய 25 கிராம்தான். அங்கே பனி உறையத் தொடங்கியதும் உணவு மறைந்துபோகின்றது. பறவை தெற்கே பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து, நம் கரைச் சேற்றில் வந்து இறங்குகின்றது. ஏன் என்றால், ஓதம் வற்றிய சேற்றில் புழுக்களும் சிறு நண்டுகளும் சிப்பிகளும் நிறைந்திருக்கின்றன. சேதுவுக்கு நடந்தவனுக்குச் சத்திரம் எப்படியோ, உள்ளானுக்குச் சேற்றுப்பரப்பு அப்படி. இங்கே சமைத்துப் போடுவார் இல்லை. தனக்கு வேண்டியதைத் தானே தேடி உண்ண வேண்டும். அவ்வளவே வேறுபாடு.

ஒரே சேற்றில் பல இனப் பறவைகள் சண்டையின்றி உண்பதை நீங்கள் காணலாம். காரணம் அவற்றின் அலகில் இருக்கின்றது. குட்டை அலகுடைய உப்புக்கொத்தி ஓடி ஓடி மேற்பரப்பில் இருப்பதைக் கொத்துகின்றது. வளைமூக்கு உள்ளான் சற்று ஆழத்தில் துழாவுகின்றது. பூநாரை தன் தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து, வளைந்த அலகால் நீரை வடிகட்டி நுண்ணுயிர்களை உண்கின்றது. கரண்டிவாயன் தட்டையான அலகை இருபுறமும் அசைத்து நீரைத் துழாவுகின்றது. ஆலா வானிலிருந்து பாய்ந்து மீனைக் கவ்வுகின்றது. ஒரே உணவுச்சாலை, ஒவ்வொருவர்க்கும் ஒவ்வோர் இலை. சத்திரத்தில் தனி அடுப்பு வைத்தவர்களைப் பிரித்தது மனிதன் வகுத்த வேற்றுமை. இங்கே இயற்கை வகுத்த வேற்றுமையோ அனைவரும் ஒன்றாக உண்ண வழிசெய்கின்றது.

அங்குச் செல்ல விரும்பும் மாணவர்க்குச் சில குறிப்புகள் சொல்கிறேன். வலசைப் பறவைகள் புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் வரத் தொடங்கிப் பங்குனிவாக்கில் திரும்புகின்றன. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையும் புயலும் உண்டு. ஆதலின் பொங்கல் விடுமுறையே ஏற்ற காலம். முதலில் புதுக்கோட்டைத் திருக்கோகர்ணத்தில் 1910-ஆம் ஆண்டு முதல் இருந்துவரும் அரசு அருங்காட்சியகத்தைப் பாருங்கள். பின்னர் சித்தன்னவாசல் ஓவியத்தைப் பாருங்கள். அதன்பின் அறந்தாங்கி வழியாகக் கரைக்குச் செல்லுங்கள். பழைய சேது வழியின் பக்கமாகவே இன்று கிழக்குக் கடற்கரைச் சாலை கட்டுமாவடி, மணமேல்குடி, மீமிசல் என்று செல்கின்றது. மீமிசலுக்கு அருகே முத்துக்குடாவில் அலையாத்தி மரங்கள் நிற்கும் உப்பங்கழியையும் காணலாம்.

தங்கும் இடத்தை ஊராரைக் கேட்டு, அவர்கள் இசைவோடு அமைத்துக்கொள்ள வேண்டும். கரையோரக் கிணற்று நீர் பல இடங்களில் உவர்ப்பாக இருக்கும். குடிநீரைக் கொண்டுசெல்வது நல்லது. அரிசி, பருப்பு, புளி ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். மீனும் காயும் அங்கேயே வாங்குங்கள். மீனை வாங்கும்போது அது எந்த ஆழத்தில், எந்தக் காற்றில், எந்த வலையில் கிடைத்தது என்று மீனவரைக் கேளுங்கள். அவர் சொல்லும் விடை புத்தகங்களில் எளிதில் கிடைக்காது. நிலவின் வளர்ச்சி தேய்வுக்கு ஏற்ப ஓதம் ஏறும் நேரமும் வற்றும் நேரமும் நாள்தோறும் மாறுகின்றன. அதுவும் அவருக்கு மனப்பாடம். பறவையைப் பார்க்கும் நேரத்தை அவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். விடுதியில் உண்பவன் உணவுப்பட்டியலை மட்டும் அறிகின்றான். தானே சமைப்பவனோ அவ்வூரின் தண்ணீரை, விறகை, மீனை, மனிதரை எல்லாம் அறியவேண்டியவன் ஆகின்றான். தானே சமைத்து உண்ணும் விடுமுறையின் உண்மையான பயன் இதுதான்.

பறவையைப் பார்ப்பதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. வெயிலை முதுகுக்குப் பின்னே வைத்துக்கொண்டு, தொலைவிலேயே அமர வேண்டும். பைனாகுலர் இருந்தால் நலம். இல்லாவிட்டாலும் பொறுமை போதும். ஒரு குறிப்பேட்டில் நாள், நேரம், இடம், ஓதத்தின் நிலை, பறவையின் உருவம், அலகின் நீளம், கால் நிறம், எண்ணிக்கை ஆகியவற்றை எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் படம் வரையுங்கள்; பெயரைப் பின்னர் தேடிக்கொள்ளலாம். படம் பிடிப்பதற்காகக் கூட்டத்தை எழுப்பிப் பறக்க விடாதீர்கள். நீண்ட பயணத்துக்காகக் கொழுப்பைச் சேமிக்கும் பறவை, ஒவ்வொரு முறை அஞ்சிப் பறக்கும்போதும் அந்தச் சேமிப்பில் ஒரு பங்கை இழக்கின்றது. உண்டுகொண்டிருக்கும் விருந்தினனை இலையிலிருந்து எழுப்புவது நம் மரபன்று.

இவ்வளவும் சொன்ன பின், கவலைக்குரிய ஒன்றையும் சொல்லத்தான் வேண்டும். சத்திரம் இடிந்தால் மீண்டும் கட்டலாம். சேற்றுப்பரப்பை மூடிவிட்டால் மீண்டும் உண்டாக்குவது அரிது. 1990-களில் தமிழகக் கடலோரத்தில் இறால் பண்ணைகள் பெருகியபோது, வயலும் குடிநீரும் உவர்ப்பாகின்றன என்று உழவர் முறையிட்டனர். சர்வோதயத் தொண்டர் எசு. ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், 1996-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் நாள் உச்சநீதிமன்றம், கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் அத்தகைய பண்ணைகளுக்குத் தடை விதித்துத் தீர்ப்பளித்தது. பின்னர் 2005-இல் வந்த சட்டம் பண்ணைகளை உரிமம் பெற்று நடத்த இடமளித்துவிட்டது. 2018-ஆம் ஆண்டு நவம்பரில் வந்த கசா புயல் புதுக்கோட்டை, தஞ்சை, நாகை மாவட்டங்களில் எண்ணற்ற மரங்களைச் சாய்த்தது. பறவைகளைச் சுடுவதை 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கின்றது. ஆனால் சேற்றில் கொட்டப்படும் குப்பையையும், உப்பங்கழியை மெல்ல மெல்லத் தூர்க்கும் மண்ணையும் அது ஒன்றே தடுத்துவிடாது.

நம்பிக்கைக்கும் இடம் உண்டு. 2022-ஆம் ஆண்டு செப்டம்பரில், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய கடலில் ஏறக்குறைய 448 சதுர கிலோமீட்டர்ப் பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. இந்தியாவில் கடற்பசுவுக்கென அறிவிக்கப்பட்ட முதற் பாதுகாப்பகம் அதுவே. ஆழமற்ற அமைதியான நீரில் வளரும் கடற்புல்லே கடற்பசுவின் மேய்ச்சல் நிலம். சேறு பறவைக்கு உணவாவது போல, கடற்புல் அதற்கு உணவாகின்றது. பக்கத்துச் சிவகங்கை மாவட்டத்திலோ, வேட்டங்குடிக் கண்மாயில் தங்கும் பறவைகள் அஞ்சி ஓடாதிருக்க, அதனைச் சூழ்ந்த சிற்றூர் மக்கள் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. குழந்தைகளின் மகிழ்ச்சியை விட்டுக்கொடுத்து விருந்தினனின் உறக்கத்தைக் காப்பது எளிய செயலா? வேடந்தாங்கல் உழவரின் வழியில் வந்தவர்கள் அவர்கள்.

மணமேல்குடிக் கரைக்கும் அத்தகைய காவலர் வேண்டும். அவர்கள் வெளியிலிருந்து வரமுடியாது. கரையூர் மக்களே அவ்வாறு அமைய வேண்டும். மீன்குஞ்சும் இறால்குஞ்சும் வளரும் தொட்டில் அந்த அலையாத்திக் காடும் சேறும்தான் என்பதை மீனவர் அறிவர். பறவைக்கு நல்லது தம் வலைக்கும் நல்லது என்ற கணக்கு அவர்களிடம் உண்டு. வெளியிலிருந்து செல்லும் மாணவர் அந்தக் கணக்குக்கு வலுச்சேர்க்க முடியும். வாங்கும் மீனுக்கு நேர்மையான விலை கொடுத்து, தங்கிய இடத்தைத் தூய்மையாக விட்டு, எழுதிய குறிப்பேட்டின் படி ஒன்றை அவ்வூர்ப் பள்ளிக்கு அளித்துவிட்டு வந்தால், பறவையைப் பார்க்க வருபவர்களால் ஊருக்கும் நன்மை உண்டு என்பது விளங்கும். அடுத்த ஆண்டு வருவோர் அந்தக் குறிப்போடு தம் குறிப்பை ஒப்பிடலாம். பத்து ஆண்டுகள் அவ்வாறு எழுதினால், எந்தப் பறவை குறைகின்றது, எது பெருகுகின்றது என்பதற்கு அந்த ஊரே சான்று கூறும்.

சேது வழியில் நள்ளிரவில் ஒரு மணி ஒலித்தது என்று சொன்னேன். 'இன்னும் உண்ணாதவர் உண்டோ?' என்பதே அம்மணி எழுப்பிய கேள்வி. அம்மணி ஓய்ந்து நெடுங்காலமாயிற்று. ஆனால் தை மாதத்து விடியற்காலையில், அடுப்பில் சோறு கொதிக்க, கரைச் சேற்றில் ஆயிரமாயிரம் உள்ளான்கள் இரை தேடுவதை நீங்கள் காணும்போது, அந்தக் கேள்வி மீண்டும் உங்கள் செவியில் ஒலிக்கக்கூடும். தமக்கு மட்டும் பொங்கி உண்டு திரும்பினால் அது உல்லாசப் பயணம். வந்த விருந்தினர் அனைவரும் உண்டனரா என்று பார்த்துவிட்டு உண்டால், அதுவே அவ்வழியில் முன் நடந்தவர்கள் அறிந்த யாத்திரை.